அவன் வாங்கி வராத பாட்டில்

“…நான் எங்கணா வாங்கினு வந்தேன்? நான் இன்னிக்குத்தானே இந்த வூட்டுப் படியையே மிதிக்கிறேன்?”

அந்தத் தம்பி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். யாரோ செய்த நல்ல காரியத்துக்குத் தன் பெயரைச் சொல்கிறார்களே என்ற கூச்சச் சிரிப்பு. சொல்லி முடித்த பிறகுதான் அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. கட்டிலில் கிடந்தவர் ஜன்னலோரப் பலகையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு, டீ டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்ற தன் மனைவியைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பாட்டில் அங்கே எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

படப்பையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ரயில் பெட்டி மாதிரி வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது. ஒட்டினாற்போல் அவர்களுடையது. நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்போம். நான் தையல் வேலை செய்கிறவள். ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு யூனிபார்ம் பேண்டின் நீளத்தைக் குறைப்பது, போன ஜிப்பை மாற்றுவது, இதுதான் என் பிழைப்பு. எட்டாவதோடு என் படிப்பு நின்றுபோனது. மீதியை எல்லாம் அளவு கொடுக்க வந்து நிற்கிறவர்கள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டேன். ஆட்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற ஒரு வார்த்தை எனக்கு நாலு நாளைக்குத் தாங்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் மணிமங்கலத்துக்காரர். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் லைனில் வேலை. அவர் மனைவிக்கு வாலாஜாபாத் பக்கம், நெல் விளைகிற ஊர். அவளும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், பூதக்கண்ணாடி வைத்துச் சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகளில் குறை தேடுகிற வேலையில் இருந்தாள். ஒருநாள் அவர் ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டுக்கு வரவில்லை. கூட வேலை செய்கிற தம்பி ஒருவன், தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம் என்று, தன் ஷிப்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறான். இவர் தன்னுடையதை முடித்துவிட்டு அவனுடையதையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். காலையில் பைக்கில் திரும்பி வரும்போது கண் செருகிவிட்டதோ, டிரெய்லர்தான் இடித்ததோ, யாருக்கும் சரியாகத் தெரியாது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளில் அவள் வேலையை விட்டாள்.

எங்கள் பக்கத்தில் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போனால் சத்துமாவு பாட்டில் ஒன்று வாங்கிப் போவார்கள். பாலில் கலக்கிக் குடிக்கிறது. அதுவே இப்போது பாக்கெட்டில் கிடைக்கிறது. ஆனாலும் ஆளைப் பார்க்கப் போகும்போது கண்ணாடி பாட்டில்தான். பேண்ட் தைக்கக் கொடுத்த ஒரு பையனிடம் ஏன் என்று கேட்டேன். “பாக்கெட்ட தூக்கினு போனா ரேஷன் வாங்கினு போற மாதிரி கீதுக்கா. பாட்டில் குடுத்தாத்தான் படுத்துக்கீறவருக்கு மரியாதை” என்றான்.

அப்படி மரியாதை மரியாதையாக வந்து குவிந்தது. லைன் ஆட்கள் வந்தார்கள், சூப்பர்வைசர் வந்தார், கேன்டீன்காரர் வந்தார், யூனியனிலிருந்து மூன்று பேர் சேர்ந்து ஒரே பாட்டிலோடு வந்தார்கள். அவருக்கு அது வாயிலேயே வைக்க முடியவில்லை. “புண்ணாக்குத் தண்ணி மாதிரி கீது. எனக்குக் காலுதான் போச்சு, நாக்கு போகலமே” என்பார். வரிசை வீட்டுக் குழந்தைகள் எல்லாம் குடித்துக் கொழுத்தார்கள். காலி பாட்டில்கள் கட்டிலுக்கு அடியில் சேர்ந்தன. பழைய பேப்பர்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடி எடுப்பதில்லை என்று போய்விட்டார்.

அவள்தான் ஒருநாள் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். பாட்டிலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரிப்பது. ஒட்டியிருக்கிற பசையைத் தேங்காயெண்ணெயும் உப்பும் போட்டுத் தேய்ப்பது. அப்புறம் சணல் கயிற்றைச் சுற்றி ஒட்டினாள், பெயின்ட் அடித்தாள், ஒன்றில் மணி பிளான்ட் வைத்தாள், இன்னொன்றுக்குள் சீரியல் பல்பை விட்டு விளக்காக்கினாள். சிலதை நூல் சுற்றி வெட்டவும் பழகினாள். தின்னரில் நனைத்த நூலைச் சுற்றி, நெருப்பு வைத்து, அணைகிற நேரத்தில் குளிர்ந்த தண்ணீரில் அமுக்கினால் நூல் ஓடிய இடத்தில் கண்ணாடி இரண்டாகப் பிரியும். வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதை எமரி பேப்பரில் தேய்க்கிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். மார்பின் மேல் ஈரத் துண்டு ஒன்றை விரித்து, படுத்தபடியே தேய்ப்பார்.

“இன்னா, ஷிப்ட் ஆரம்பிச்சாச்சா?” என்று நான் வாசலில் நின்று கேட்பேன்.

“ஆமாங்க்கா. பினிஷிங் லைன். ஆனா இந்த இன்ஸ்பெக்ஷன்காரம்மா எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணுது.”

“ரிஜெக்ட் பண்ணாம? தடவிப் பாருங்க, கீசும்” என்று அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும்.

அந்த வீட்டில் ஒரு பாட்டிலும் பாட்டில் என்று அழைக்கப்படவில்லை. கொடுத்தவர் பெயர்தான் அதற்கும். சணல் சுற்றிய பெரியது சூப்பர்வைசர். குட்டையாக வெட்டிப் பேனா போட்டு வைத்தது கேன்டீன். ஒரே பாட்டிலோடு மூன்று பேர் வந்தார்களே, அதற்கு மூன்று நிறம் அடித்து யூனியன் என்று வைத்தார்கள். “இந்தாமே, சூப்பர்வைசர் சாஞ்சுகினு கீறாரு பாரு, நேரா வையி.” “யூனியன்ல தண்ணி ஊத்தினியா?” இப்படித்தான் பேச்சு. கேட்கிறவர்களுக்குப் பைத்தியம் என்று தோன்றும். பாட்டில்கள் வரிசையாக நின்ற ஜன்னலோரப் பலகையைப் பார்த்தபடி படுத்திருந்தால் லைனில் நிற்கிற மாதிரியே இருக்கிறது என்று அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்து வைத்தேன்.

பலகையில் ஜன்னலை ஒட்டி ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. அங்கே எதையும் வைக்க அவர் விடவில்லை. “அது அவனுக்கு” என்பார்.

அவன் என்றால் அந்தத் தம்பி. யாருடைய ஷிப்டைப் பார்த்தாரோ, அவன். எல்லாரும் வந்தார்கள், அவன் மட்டும் வரவில்லை. போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டான். அவர் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

“அவன் மேல தப்பு இல்லக்கா. நான்தான் பாத்துக்கறேன்னு சொன்னேன். அத அவன் மூஞ்சிய பாத்து நான் சொல்லணும். போன்ல சொன்னா அது சொன்ன மாதிரி ஆவாது. அத சொல்லாம இருக்கறது நெஞ்சுல கல்லு கட்டினாப்ல கீது.”

மாதங்கள் ஓடின. வருகிறவர்கள் குறைந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, ஞாயிற்றுக்கிழமையிலும் ஓ.டி. ஓடுகிறது. புது பாட்டில் வரவில்லை. செய்வதற்கு வேலை இல்லாமல் அவர் எமரி பேப்பரை வைத்துச் செய்து முடித்ததையே திரும்பத் திரும்பத் தேய்த்தார். பேச்சும் குறைந்தது. சோற்றுத் தட்டைப் பாதியில் தள்ளிவிடுவார். பகலெல்லாம் அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடி கிடந்து, அப்படியே கண் அயர்ந்துவிடுவார்.

அப்படி ஒரு மத்தியானம். “கொஞ்சம் அவர பாத்துக்கக்கா, கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்” என்றாள். மாத்திரை வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் திரும்பி வந்தபோது கையில் ஒரு சத்துமாவு பாட்டில். புதுசு. முந்தானையால் அதை ஒரு முறை துடைத்து, கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். நான் புருவத்தைத் தூக்கினேன். அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

அவர் கண் விழித்தார். பாட்டிலைப் பார்த்தார்.

“யார் வந்தது?”

“அந்தத் தம்பிதான் வந்துச்சு. நீங்க தூங்கினு இருந்தீங்க. எழுப்ப வாணாம் அண்ணின்னுச்சு. வெச்சுட்டுப் போயிடுச்சு.”

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவள் என்னைப் பார்த்தாள். ஒரு சந்தோஷத்துக்கு முன்னால் வாயைத் திறந்து நான் என்ன சொல்லிவிட முடியும்?

“ஏண்டி எழுப்பல?” என்று முதலில் கோபம். பிறகு கேள்வி மேல் கேள்வி. இளைத்திருக்கிறானா, தாடி வைத்திருக்கிறானா, என்ன சட்டை போட்டிருந்தான்.

“யூனிபார்ம்தான்” என்றாள். சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

அந்த ஒரு சொல்லில்தான் சிக்கிக்கொண்டாள். ஷிப்டில் வேலை செய்கிறவர்களுக்கு யூனிபார்ம் வெறும் துணி இல்லை, அது மணிக்கூண்டு. அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். “மத்தியானம் யூனிபார்மோட வந்தான்னா பர்ஸ்ட் ஷிப்ட் முடிச்சுட்டு நேரா வந்துக்கீறான். அப்போ இந்த வாரம் முழுக்க இதே நேரந்தான். அடுத்த வாரம் செகண்ட் ஷிப்ட், காலையில வருவான்.” அவளும் தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்?

அந்தப் பாட்டிலைத்தான் அவள் மற்ற எல்லாவற்றையும்விட அழகாகச் செய்தாள். மாவை வேறு டப்பாவில் கொட்டிவிட்டு, பாட்டில் முழுக்கக் கறுப்பு அடித்து, அது காய்வதற்குள் ஊசியால் சுரண்டிச் சுரண்டி ஒரு ரோடும், ஓரத்தில் பனைமரங்களும், ஒரு பைக்கும் வரைந்தாள். உள்ளே பல்பை விட்டதும் சுரண்டிய கோடுகளில் மட்டும் வெளிச்சம் கசிந்தது. காலி இடத்தில் அதை வைத்தாள். பகலிலும் அணைக்கக் கூடாது என்றுவிட்டார் அவர்.

அன்றிலிருந்து அவர் பகலில் தூங்குவதை விட்டுவிட்டார்.

இராத்திரியில் வலி அவரைத் தூங்க விடாது. பகல் தூக்கம்தான் அவருக்குத் தூக்கமே. அதுவும் போனது. முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கச் சொல்லி, வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். கதவு சாத்தக் கூடாது. மெயின் ரோட்டு லாரிப் புழுதியும் ஈயும் உள்ளே வரும், வரட்டும். தெருவில் எந்த பைக் வந்தாலும் காதைத் தீட்டிக்கொள்வார். “இது இல்ல. அவன் வண்டிக்கு சைலன்சர்ல ஓட்டை, படபடன்னும்.” முதல் வாரம் மத்தியானம். அடுத்த வாரம் காலை. அதற்கடுத்து அவனுக்கு நைட் ஷிப்ட், தூங்கி எழுந்து சாயங்காலமாக வரலாம் என்றார். பிறகு, யாருக்காவது ஷிப்ட் மாற்றிக் கொடுத்திருப்பான், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். அதற்குப் பிறகு அவருக்குத் தூங்க ஒரு நேரமும் மிச்சம் இல்லாமல் போனது. கண் இரண்டும் சிவந்து உள்ளே போயின. பயிற்சி கொடுக்க வருகிற பெண், “இவர் தூங்கலன்னா நான் கை கால நீட்டி மடக்கி ஒரு பிரயோஜனமும் இல்லம்மா” என்று திட்டிவிட்டுப் போனாள். விசிறிக் காற்றில் தலை தொங்கும், உடனே திடுக்கிட்டு நிமிர்வார். “வந்துட்டுப் போயிட்டானா?” என்பார்.

“ஆறுதலா இருக்கட்டும்னு ஒரு வார்த்த சொன்னேன்க்கா” என்றாள் அவள், துணி காயப்போடுகிற இடத்தில். “அது அவரு தூக்கத்த தின்னுகினு கீது.”

“உண்மைய சொல்லிடு.”

“சொன்னா அவன் ஒரு தடவகூட வரலன்னு ஆயிடுமே. அத தாங்குவாரா?”

அவன் நிஜமாகவே ஒரு தடவை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதே கம்பெனிப் பையன் ஒருவன் பேண்ட் வாங்க வந்தபோது சொல்லி அனுப்பினேன். பையன் தயங்கினான். “அவனுக்கு மனசு இல்லாம இல்லக்கா. எந்த மூஞ்ச வெச்சுகினு போறதுன்றான். தங்கச்சி கல்யாணத்துலகூட ஒரு ஓரமாத்தான் நின்னான்.” நான் சொன்னேன், “மூஞ்சி எப்படி இருந்தாலும் பரவால்ல, எடுத்துகினு வரச் சொல்லு. அவரு கோவமா இல்ல. ஒரு தடவ வந்தா போதும்.” பாட்டில் விஷயத்தைச் சொல்லி அனுப்பவில்லை. ஊரெல்லாம் பேசுவார்களே என்று பார்த்தேன்.

வந்தான். வெயில் கொளுத்துகிற ஒரு பகலில், தெருமுனையில் அந்தப் படபட சத்தம் கேட்டது. சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் அதைப் போட்டுவிட்டு அங்கே ஓடினேன். “அவன்தான்” என்றார் அவர், யாரும் சொல்வதற்கு முன்னால்.

வெறும் கையோடு வாசலில் நின்றான். செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான்.

“வாடா. உள்ள வா. இன்னா வாசல்லயே நின்னுகினு கீற, காலண்டர் விக்க வந்தவன் மாதிரி?”

கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்தான். நாற்காலி போட்டும் ஏறவில்லை. இரண்டு பேரும் எடுத்த எடுப்பில் கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேசினார்கள். அது இன்னும் தண்ணியாகத்தான் இருக்கிறதாம். லைனில் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். இவர் நின்ற இடத்தில் இப்போது அதுதான் நிற்கிறது என்று சொல்ல வந்தவன் பாதியில் விழுங்கினான். அவர் நெஞ்சில் இருந்ததைச் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பேச்சை அங்கே கொண்டுபோக ஒரு வழி வேண்டுமே, பலகையைக் காட்டினார்.

“அதான் சூப்பர்வைசர். அது கேன்டீன். மூணு கலர்ல கீதே, அது யூனியன். உன்னுது எது சொல்லு? தோ, லைட் எரியுது பாரு. அன்னிக்கு நீ வாங்கினு வந்தியே, அதான்.”

அதற்குத்தான் அவன் அந்தப் பதிலைச் சொன்னான். சிரித்துக்கொண்டே.

அவர் பாட்டிலையும் மனைவியையும் பார்த்து முடித்த பிறகு, “சரி விடு” என்றார். “டீய குடி. ஆறிடப் போவுது.”

அவன் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். என்ன நடந்தது என்று முழுக்கப் புரிந்ததோ என்னவோ, தன்னால் ஏதோ ஒன்று இரண்டாவது முறையாக உடைந்தது என்பது மட்டும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவள் நீட்டிய டீயைச் சுடச்சுட ஒரே மடக்கில் விழுங்கினான்.

“இதோ வந்துர்றேன்ணா.”

எழுந்து போனான். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. மெயின் ரோடு வரைக்கும் கேட்டு, லாரிச் சத்தத்தில் கலந்து போனது.

“போயிட்டான்” என்றார் அவர்.

அவள் கட்டிலருகே வந்தாள். “நான் வந்து… நீங்க சாப்புடாம…”

“ஒண்ணும் சொல்லாத. அந்த லைட்ட நிறுத்துமே.”

அவள் சுவிட்சை அணைத்தாள். ரோடும் பனைமரமும் பைக்கும் இல்லாமல், அது வெறும் கறுப்பு பாட்டிலாக நின்றது.

“தலகாணியெல்லாம் எடு. படுக்கணும்.”

நானும் ஒரு கை பிடிக்க, இரண்டு பேருமாக அவரைச் சாய்த்தோம். வாசலைப் பார்த்துப் படுக்கவில்லை. கழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகி, லேசான குறட்டை வந்தது. எத்தனையோ நாள் கழித்து அந்த வீட்டில் அந்தச் சத்தம். அவள் தரையில் உட்கார்ந்து அவர் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வார்த்த திட்டியிருந்தா தேவலைக்கா” என்றாள். “தூங்கிட்டாரே.”

அவன் திரும்பி வருவான் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை. ஆனால் வெளியே மறுபடியும் அந்தப் படபட சத்தம் வந்து நின்றது. கட்டிலில் அசைவில்லை. அவ்வளவு ஆழமான தூக்கம். வாசலில் அவன் வியர்த்து நின்றான். கையில் காகிதம் சுற்றிய ஒரு சத்துமாவு பாட்டில். கண்ணாடி பாட்டில்.

அவள் பதறி எழுந்து, எழுப்புவதற்காக அவர் தோளுக்குக் கையைக் கொண்டுபோனாள். அவன் அவசரமாகத் தலையை ஆட்டினான்.

“எழுப்ப வாணாம் அண்ணி.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் உள்ளே வந்தான். பலகையைப் பார்த்தான், அதில் இடம் இல்லை. காகிதத்தைச் சத்தமில்லாமல் பிரித்தான். சட்டை நுனியால் பாட்டிலை ஒரு முறை துடைத்து, மாத்திரைகள் இருந்த ஸ்டூலில், அவர் திரும்பினால் கண்ணில் படுகிற மாதிரி வைத்தான். கட்டிலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வெளியே போய், செருப்பைக் காலில் போடாமல் வண்டியின் மேல் வைத்து, ஸ்டாண்டைக் காலால் மெதுவாக எடுத்துவிட்டு, அந்தக் கொதிக்கிற தெருவில், முனை திரும்புகிற வரைக்கும், வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே தள்ளிக்கொண்டு போனான்.